ஊனத்துக்கு மாநில எல்லை உண்டா?

தாராவியிலிருந்து சயான் மாநகராட்சி ஆஸ்பத்திரி நடந்து போகும் தூரம்தான். நடக்க முடிந்தவர்களுக்கு அப்படி. நடக்க முடியாத ஒருவரைக் கொண்டுபோவதானால் சந்தின் உள்ளேயிருந்து தொண்ணூறு அடி சாலை வரை தூக்கிவர ஓர் ஆள் வேண்டும். அங்கிருந்து டாக்ஸிக்குப் பணம் வேண்டும். கேஸ் பேப்பர் எடுக்க வரிசையில் நிற்க இன்னோர் ஆள் வேண்டும். கூட வந்த இரண்டு பேருக்கும் அன்றைய கூலி இல்லை. கேஸ் பேப்பருக்கு வாங்குவது சில ரூபாய்தான்; வைத்தியம் ஏறக்குறைய இலவசம் என்று கணக்குப் புத்தகம் சொல்லும். போன கூலியும் டாக்ஸிச் செலவும் அந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் வராது.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஊனமுற்றோருக்கென்று தனிச் சட்டம் 1995-ல் வந்தது. அதில் 7 வகை ஊனங்கள் இருந்தன. அதற்குப் பதிலாக 2016-ல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் இருக்கின்றன. கை கால் ஊனம், பார்வைக் குறைவு, காது கேளாமை மட்டுமல்ல. தொழுநோயிலிருந்து குணமானவர்கள், அமில வீச்சுக்கு ஆளானவர்கள், தலசீமியா, ஹீமோபிலியா நோயாளிகள், ஆட்டிசம் உள்ள குழந்தைகள், மனநோயால் அவதிப்படுகிறவர்கள் ஆகிய எல்லோரும் அதில் அடக்கம். அந்தச் சட்டத்தின் 25-வது பிரிவு வைத்தியத்தைப் பற்றியது. அரசு அறிவிக்கும் வருமான வரம்புக்கு உட்பட்டு, வசிக்கும் இடத்துக்கு அருகிலேயே இலவச வைத்தியம் தரவேண்டும் என்கிறது. அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் எல்லாப் பகுதிகளுக்கும் தடையின்றிப் போய்வர வசதி வேண்டும் என்கிறது. பார்ப்பதிலும் சிகிச்சை தருவதிலும் ஊனமுற்றோருக்கு முன்னுரிமை வேண்டும் என்கிறது.

கடைசியாகச் சொன்ன முன்னுரிமைக்குப் பணமே தேவையில்லை. ஒரு பலகையும், அந்தப் பலகையை மதிக்கும் ஒரு சிப்பந்தியும் போதும். அதுவே பல ஆஸ்பத்திரிகளில் காணக் கிடைக்கவில்லை என்றால், பணம் தேவைப்படும் மற்ற இரண்டின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம். சாய்தளம் கட்டியிருப்பார்கள், அதன் முடிவில் இரண்டு படி இருக்கும். சக்கர நாற்காலி இருக்கும். அது கழிப்பறைக் கதவில் நுழையாது. நோயாளி ஏறிப் படுக்க வேண்டிய பரிசோதனை மேஜை இடுப்பளவு உயரத்தில் நிற்கும். இடுப்புக்குக் கீழ் செயலில்லாத ஒரு பெண், பிற ஆண்கள் தூக்கி வைத்தால்தான் டாக்டர் பரிசோதிக்க முடியும் என்ற நிலையில், பரிசோதனையே வேண்டாம் என்று வீடு திரும்பிவிடுகிறாள். நோய் முற்றிய பிறகு வருகிறாள். "முன்பே ஏன் வரவில்லை?" என்று அவளைத்தான் கேட்கிறார்கள்.

கட்டடங்களில் தடையில்லாத வசதி என்பது விருப்பப்பட்டால் செய்யும் தர்மமாக இருக்க முடியாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2024 நவம்பர் 8-ம் தேதி தீர்ப்புச் சொல்லிவிட்டது. சட்டத்தின் கீழ் எழுதப்பட்ட 15-வது விதி வெறும் வழிகாட்டுதலாக இருக்கிறது, அது சட்டத்துக்கே முரண் என்று கூறி, கட்டாயத் தரங்களை வகுக்க மத்திய அரசுக்கு மூன்று மாதத் தவணையும் கொடுத்தது. சட்டம் வந்த எட்டாவது ஆண்டில்தான் அதன் விதி சட்டத்துக்குப் பொருந்தவில்லை என்பது தீர்மானமாயிற்று.

இவை எல்லா ஊனமுற்றவர்களுக்கும் பொதுவான குறைகள். பிழைக்க வேறு மாநிலம் வந்தவர்களுக்கு இவற்றோடு இன்னொன்றும் சேருகிறது. இந்தியாவில் வைத்திய உதவிக்கான ஏற்பாடுகள் எல்லாமே, மனிதன் பிறந்த ஊரிலேயே இருப்பான் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை. எவனாவது ரயில் ஏறிவிட்டால் அவனுடைய உரிமைகள் பிளாட்பாரத்திலேயே நின்றுவிடுகின்றன.

ஊனச் சான்றிதழ் விஷயத்தில் அப்படி இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாநிலத்தில் தரப்பட்ட சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும் என்று 2016 சட்டமே சொல்கிறது. இப்போது தரப்படும் தேசிய அடையாள அட்டையும் அப்படித்தான். முகவரிச் சான்று உள்ள மாவட்டத்தில்தான் மனுச் செய்ய வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது முழு உண்மையல்ல. ஊனத்துக்காகச் சிகிச்சை பெறும் அல்லது பெற்ற அரசு ஆஸ்பத்திரியிலும் மனுச் செய்ய 2017-ம் ஆண்டு விதிகள் இடம் கொடுத்தன. இது தெரியாமல், திருநெல்வேலிக்கும் தென்காசிக்கும் ரயில் ஏறி, முகாம் தேதி தவறி, மறுபடியும் வந்து சேர்ந்த குடும்பங்கள் மும்பையில் எத்தனையோ உண்டு. இரண்டு பேருக்குப் போகவர டிக்கெட், ஒரு வாரச் சம்பளம், எல்லாம் வீண்.

ஆனால் அட்டை கையில் வந்தபிறகு என்ன? லோக்கல் ரயிலில் ஊனமுற்றோர் பெட்டியில் ஏறலாம். உதவித்தொகை ஜன்னலுக்குப் போனால் வேறு பேச்சு. மத்திய அரசு தரும் ஊனமுற்றோர் பென்ஷன் மாதம் 300 ரூபாய். அதுவும் 80 சதவீத ஊனம் இருந்து, வறுமைக்கோட்டுக்குக் கீழும் இருந்தால்தான். 2012-ல் நிர்ணயித்த இந்த 300 ரூபாயை மத்திய அரசு அதற்குப் பிறகு உயர்த்தவில்லை. மீதியை மாநிலங்கள் போட்டுக் கொடுக்கின்றன. தமிழ்நாடு அரசு கடும் ஊனமுள்ளவர்களுக்கான பராமரிப்புத் தொகையை 2023-ல் 2,000 ரூபாயாக உயர்த்தியது. மகாராஷ்டிரமும் தன் பங்குக்குத் தருகிறது. ஆனால் மாநிலத்தில் எத்தனை வருஷமாக வசிக்கிறீர்கள் என்ற கேள்வி முதலில் வரும். அங்கே ரேஷன் கார்டிலிருந்து பெயர் நீங்கி, இங்கே இன்னும் பெயர் ஏறாதவருக்கு இரண்டும் இல்லை.

இன்ஷூரன்ஸ் விஷயத்தைச் சற்று விவரமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் ஏழைகளின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு எல்லா அரசுகளும் இப்போது காட்டும் வழி அதுதான். 2018 செப்டம்பர் 23-ம் தேதி தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. யார் யார் சேரலாம் என்பதை 2011-ம் ஆண்டின் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பை வைத்து முடிவு செய்தார்கள். அந்தப் பட்டியலில் ஊனத்துக்கு என்ன இடம்? கிராமக் குடும்பங்களுக்கு ஒரு விதி இருந்தது: வீட்டில் ஊனமுற்றவர் இருந்து, உடல் வலுவுள்ள பெரியவர் ஒருவர்கூட இல்லாமலிருந்தால் சேரலாம். அதாவது, ஊனமுற்ற மகளை வைத்துக்கொண்டு தகப்பன் கூலி வேலை செய்து கொண்டிருந்தால் இந்த விதியின்படி இடமில்லை. அவன் போய்ச் சேர்ந்தபிறகு இடமுண்டு. நகரக் குடும்பங்களுக்கு அந்த விதியும் கிடையாது. குப்பை பொறுக்குபவர், வீட்டு வேலைக்காரர், தெரு வியாபாரி, கட்டட வேலையாள், டிரைவர், கடைச் சிப்பந்தி என்று தொழில்களைப் பட்டியல் போட்டார்கள். ஊனத்தால் தொழிலே செய்ய முடியாதவன் தொழில் பட்டியலில் எப்படி வருவான் என்ற கேள்வி எழாமல் போனது விசித்திரம்தான்.

தமிழ்நாட்டில் 2009-லேயே அரசு காப்பீட்டுத் திட்டம் வந்துவிட்டது. 2012-ல் முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறி, 2018-ல் மத்தியத் திட்டத்தோடு இணைந்தது. மகாராஷ்டிரத்தில் 2012-ல் தொடங்கிய திட்டம் இன்று மகாத்மா ஜோதிபா புலே பெயரில் நடக்கிறது. மாநிலத்தின் எல்லாக் குடும்பங்களுக்கும் 5 லட்சம் ரூபாய் வரை என்று அதை விரிவாக்க 2023-ல் முடிவாயிற்று. நல்ல முடிவு. ஆனால் மாநிலத்தின் குடும்பம் என்பதற்கு அத்தாட்சி ரேஷன் கார்டு அல்லது வசிப்பிடச் சான்று. மூன்று தலைமுறையாகத் தாராவியில் தோல் பதனிட்டு வாழ்ந்த குடும்பத்திடம் அது இருக்கும். மூன்று வருஷத்துக்கு முன் பாண்டுப்பில் வாடகைக்கு வந்து, வீட்டுக்காரர் ஒப்பந்தம் எழுதிக் கொடுக்க மறுக்கும் குடும்பத்திடம் இருக்காது.

ஆயுஷ்மான் அட்டை நாடு முழுவதும் செல்லும் என்கிறார்கள். மத்தியப் பட்டியலில் உள்ள குடும்பத்துக்குச் செல்லும் என்பது உண்மை. மாநில அரசு தன் சொந்தச் செலவில் சேர்த்த குடும்பங்களுக்குப் பொதுவாக அந்த வசதி அப்படியே கிடைப்பதில்லை. எந்த அட்டை எந்த வகை என்பது அட்டை வைத்திருப்பவருக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி வாசலில்தான் தெரியும். ரேஷன் அரிசிக்கு இந்தத் தொல்லை தீர்ந்துவிட்டது. 2022 ஜூன் மாதத்தில் அஸ்ஸாமும் சேர்ந்ததோடு ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை ஏற்பாடு எல்லா மாநிலங்களிலும் வந்துவிட்டது. தென்காசி அட்டைக்குத் தாராவிக் கடையில் அரிசி போடுகிறார்கள். கடைக்காரர் ஒரு கருவியில் விரலை வைக்கச் சொல்கிறார். கணக்கு இரண்டு அரசுகளுக்குள் தீர்ந்து விடுகிறது. அரிசிக்குச் செய்ய முடிந்த ஏற்பாட்டை மருந்துக்குச் செய்ய முடியாது என்பதற்கு இதுவரை யாரும் காரணம் சொல்லவில்லை.

அட்டை செல்லும் என்றே வைத்துக்கொண்டாலும், அது செல்லும் இடம் படுக்கை. ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் இன்ஷூரன்ஸ். ஊனம் என்பது பெரும்பாலும் படுக்கையில் தீரும் விஷயமல்ல. பக்கவாதம் வந்தவரை ஒரு வாரம் சேர்த்துக்கொள்கிறார்கள். அதற்குப் பணம் உண்டு. பிறகு ஆறு மாதம், வாரத்தில் சில நாள் பிசியோதெரபி செய்தால் அந்தக் கை மறுபடியும் டம்ளரைப் பிடிக்கும். அதற்குப் பணம் இல்லை. கை பிடிக்காமலே போனால், சதவீதம் போட்டுச் சான்றிதழ் கொடுக்க ஏற்பாடு உண்டு.

பாதம் உட்புறமாக வளைந்து பிறக்கும் குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பெரிய ஆபரேஷன் வேண்டியதில்லை. பிறந்த சில வாரங்களுக்குள் தொடங்கி, வாரம் ஒரு மாவுக்கட்டாக ஐந்தாறு முறை மாற்றிப் பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவார்கள். குதிகால் நரம்பில் ஒரு சின்ன வெட்டு. பிறகு இரண்டு செருப்பையும் கம்பியால் இணைத்த ஒரு சாதனத்தை மூன்று மாதம் ஏறக்குறைய முழு நாளும், அப்புறம் நான்கு வயது வரை தூங்கும்போதும் போட்டிருக்க வேண்டும். அவ்வளவுதான். அந்தக் குழந்தை பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயம் ஓடும். செலவு மிகக் குறைவு. ஆனால் தாய் ஒவ்வொரு வாரமும் வரவேண்டும். வீட்டு வேலை செய்கிறவள் வாரம் ஒரு நாள் லீவு எடுத்தால் மூன்றாவது வாரம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறார்கள். கட்டு நடுவில் நின்றுவிடுகிறது. பாதம் பழையபடி திரும்பிக்கொள்கிறது. இருபது வருஷம் கழித்து அந்தக் கால் 40 சதவீதமா, 45 சதவீதமா என்று டாக்டர்கள் குழு அளக்கும். 40-க்கு ஒன்று குறைந்தாலும் பெரும்பாலான சலுகைகள் கிடையாது. அந்தத் தாய்க்கு ஆறு வாரத்துக்குப் பஸ் செலவும் இழந்த கூலியும் கொடுத்திருந்தால், இந்த அளவெடுப்பு தேவைப்பட்டிருக்குமா?

இதில் ரயில்வே இலாகா மற்ற இலாகாக்களுக்குப் பாடம் சொல்லக்கூடிய நிலையில் இருக்கிறது. துணையில்லாமல் பயணம் செய்ய முடியாத ஊனமுற்றவருக்குக் கட்டணச் சலுகை தரும்போது, கூட வரும் துணைக்கும் அதே சலுகையைத் தருகிறது. ஊனமுற்ற பயணி என்றால் அது இரண்டு டிக்கெட் என்று ரயில்வேக்குத் தெரிந்திருக்கிறது. ஊனமுற்ற நோயாளி என்றால் அது இரண்டு கூலி என்று சுகாதார இலாகாவுக்கு இன்னும் தெரியவில்லை.

பாஷை விஷயம் இதைவிடச் சிக்கலானது. பாந்த்ராவில் மத்திய அரசின் அலி யாவர் ஜங் தேசியப் பேச்சு, செவித்திறன் குறைபாடுடையோர் நிறுவனம் இருக்கிறது. பிறவியிலேயே காது கேளாத சின்னக் குழந்தைகளுக்கு, மத்திய அரசுத் திட்டத்தில் காதுக்குள் காக்ளியர் கருவி பொருத்தும் வேலையை நாடு முழுவதற்கும் ஒருங்கிணைப்பது இந்த நிறுவனம்தான். ஐந்து வயதுக்குள் பொருத்த வேண்டும். பல லட்சம் ரூபாய் பெறுமானமுள்ள கருவி இலவசம். காஷ்மீரிலும் கன்னியாகுமரியிலும் உள்ளவர்கள் இதன் கீழ் மனுச் செய்கிறார்கள். மாஹிம் கால்வாய்க்கு இந்தப் பக்கம் இருக்கும் தாராவியில் எத்தனை பெற்றோருக்கு இது தெரியும்? ஐந்து வயதில் "பையன் லேட்டாகப் பேசுவான், அவன் தாத்தாவும் அப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டிருப்பவர்களே அதிகம்.

கருவி பொருத்தியதும் குழந்தை பேசிவிடாது. கேட்கும் ஒலியைச் சொல்லாகப் புரிந்துகொள்ள வருஷக்கணக்கில் பயிற்சி வேண்டும். வீட்டில் தாய் பேசும் பாஷையில் அந்தப் பயிற்சி நடந்தால்தான், பயிற்சி இல்லாத நேரத்திலும் குழந்தை கற்றுக்கொண்டே இருக்கும். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பயிற்சி அறையில் மராத்தி என்றால், காது கேட்கும் குழந்தைகள் சமாளித்துக்கொள்ளும். இந்தக் குழந்தை மூன்றிலும் திணறும். அறிவு வளர்ச்சி குறைவா என்று பார்க்கும் சோதனைகளும் அப்படியே. தமிழ் மட்டும் தெரிந்த குழந்தையை இந்தியில் கேள்வி கேட்டு, பதில் சொல்லவில்லை என்று மதிப்பெண் போட்டால் அது குழந்தையின் அறிவைக் காட்டாது. கேட்டவருக்குத் தெரிந்த பாஷைகளின் எண்ணிக்கையைத்தான் காட்டும். மனநோய் உள்ளவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வயிற்று வலியைக் கையால் சுட்டிக்காட்டலாம். மனத்தில் இருப்பதைத் தாய்மொழி தெரியாத டாக்டரிடம் எதால் சுட்டிக்காட்டுவது?

இதற்காக ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் தமிழ் டாக்டரை நியமிக்க வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை. நடக்கவும் நடக்காது. மும்பை மாநகராட்சி எட்டு பாஷைகளில் பள்ளிகள் நடத்தி வந்திருக்கிறது. அவற்றில் தமிழும் ஒன்று. படிப்பவர் தாய்மொழியில் படிக்கவேண்டும் என்று ஏற்றுக்கொண்ட அதே மாநகராட்சி, நோயாளி தாய்மொழியில் சொல்லவேண்டும் என்பதையும் ஏற்றுக்கொள்ளலாம். தமிழ், தெலுங்கு, கன்னடம், போஜ்புரி பேசும் உதவியாளர்களை அந்தந்த வட்டாரத்திலிருந்தே எடுத்து, வெளிநோயாளர் பிரிவில் ஒரு மேஜை போட்டு உட்காரவைப்பது பெரிய செலவல்ல. அந்த வேலைக்குத் தாராவியிலேயே, காலில் ஊனம் இருந்தாலும் நான்கு பாஷை சரளமாகப் பேசும் படித்த இளைஞர்கள் கிடைப்பார்கள்.

இருக்கும் வழிகள்கூடப் பயன்படுத்தப்படாமல் கிடக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். மகாராஷ்டிரத்தில் பொது அறக்கட்டளைகள் நடத்தும் ஆஸ்பத்திரிகள் பத்து சதவீதப் படுக்கைகளை மிக ஏழைகளுக்கு இலவசமாகவும், இன்னும் பத்து சதவீதத்தை நலிந்த பிரிவினருக்குச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்கவேண்டும். அறக்கட்டளைச் சட்டத்தின் 41-ஏஏ பிரிவின் கீழ், மும்பை ஹைகோர்ட் ஏற்றுக்கொண்ட திட்டம் இது. 2006 முதல் அமலில் இருக்கிறது. பில் தொகையில் இரண்டு சதவீதத்தை ஏழை நோயாளிகள் நிதி என்று தனியே வைக்கவும் வேண்டும். பளிங்குத் தரையும் வாசலில் காவலாளியும் உள்ள பெரிய ஆஸ்பத்திரிகளில் பல இதில் அடக்கம். காவலாளியைத் தாண்டி, சமூக சேவகர் அறை எங்கே என்று கேட்க வேண்டும். வருமானச் சான்றுடன் அங்கே போகலாம் என்பது, அதே ஆஸ்பத்திரியின் தரையைத் துடைக்கும் தமிழ்ப் பெண்ணுக்கே தெரியாமல் இருப்பது வேதனைக்குரியது.

ஆலையிலும் கம்பெனியிலும் வேலை செய்கிறவர்களுக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது. சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு அது பொருந்தும். ஊனமுற்ற தொழிலாளர்களுக்கு வரம்பு 25,000 ரூபாய். தொழிலாளி இங்கே, குடும்பம் ஊரில் என்றாலும் ஊருக்கு அருகிலுள்ள மருந்தகத்தில் குடும்பத்தைப் பதிவுசெய்துகொள்ள முடியும். வெளிநோயாளர் சிகிச்சையும் உண்டு. ஏழைத் தொழிலாளிக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இந்தியாவில் இல்லை. ஆனால் அது முதலாளி பெயரைப் பதிவுசெய்தால்தான். பட்டறையில் மெஷினில் விரல் போனவனைப் பின்வாசல் வழியாகத் தனியார் டாக்டரிடம் அழைத்துப்போய்த் தையல் போட்டு, கையில் ஆயிரம் ரூபாய் கொடுத்து ஊருக்கு அனுப்புகிற வழக்கம் ஒழிந்துவிட்டதாக யாரும் சொல்லவில்லை. சட்டப்படி அவனுக்கு ஆயுள் முழுவதும் வரவேண்டிய ஊன ஈட்டுத்தொகை அந்த ஆயிரத்தோடு முடிந்துபோகிறது.

குமாஸ்தா வர்க்கத்துக்கு வேறு விதமான கதவு, வேறு விதமான பூட்டு. வீட்டில் ஊனமுற்ற குழந்தை இருந்தால் பழைய வருமான வரி முறையில் 75,000 ரூபாய், கடும் ஊனமானால் 1,25,000 ரூபாய் கழிவு உண்டு. வரி கட்டுகிறவர்களுக்கு இது உதவி. வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிக்காதவனுக்கு இதில் ஒரு பைசா இல்லை. அவனுக்குத்தான் அதிகம் தேவை. தனியார் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளோ பிறவி ஊனம், முன்பே இருந்த நோய் என்று சொல்லி மனுவையே வாங்காமல் இருந்தன. 2022 டிசம்பரில் டெல்லி ஹைகோர்ட் இதைக் கண்டித்தது. அதையடுத்து 2023 பிப்ரவரியில் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம், ஊனமுற்றோருக்கும் மனநோயாளிகளுக்கும் பாலிசி தரவேண்டும் என்று கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது. பிரீமியம் எவ்வளவு என்பதைக் கம்பெனிகளே தீர்மானிக்கின்றன. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறைவு, பல்வகை ஊனம் ஆகிய நான்குக்கும் மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா என்ற திட்டம் இருக்கிறது. ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்க் கட்டணத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை. முன்கூட்டிய மருத்துவப் பரிசோதனை கிடையாது. பயிற்சிச் செலவுகளுக்கும், படுக்கையில் சேராத சிகிச்சைக்கும்கூட அதில் இடமுண்டு. ஊனத்தைப் புரிந்துகொண்டு வகுத்த திட்டம் என்று இதைச் சொல்லலாம். மற்ற 17 வகைகளுக்கு ஏன் இப்படி ஒன்று இல்லை?

வழி தெரியாமல் இல்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களுக்கு ஆய்க்குடியைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-ல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். உலகம் முழுவதும் ஊனமுற்றோர் ஆண்டாகக் கொண்டாடப்பட்ட ஆண்டு அது. ஊரில் உள்ள பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, அவர்கள் வீடு வீடாகப் போய்ச் சின்னக் குழந்தைகளைப் பார்த்து, தாய்க்குப் பயிற்சியைச் சொல்லிக் கொடுக்கும் முறை அங்கே வளர்ந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் அலையவேண்டாம். 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு பிசியோதெரபியும் வீட்டுக்கே போயிற்று. கேரளம் 2017-ல் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கென்றே ஆவாஸ் என்ற இன்ஷூரன்ஸ் திட்டத்தைத் தொடங்கியது. 15,000 ரூபாய் வரை சிகிச்சை என்பது சிறிய தொகைதான். ஆனாலும், வந்தவனிடம் ரேஷன் கார்டு கேட்காமல், இங்கே வேலை செய்கிறாயா என்று கேட்ட திட்டம் அது.

வெளியூர்க்காரனுக்கு எங்கள் பணத்தை ஏன் செலவிட வேண்டும் என்ற கேள்வி மும்பையில் புதிதல்ல. அதற்கு உணர்ச்சிவசப்பட்டுப் பதில் சொல்ல வேண்டியதில்லை, கணக்கே போதும். ஜி.எஸ்.டி. என்பது பொருளை நுகரும் மாநிலத்துக்குச் சேரும் வரி. தமிழ்த் தொழிலாளி தாராவியில் வாங்கும் சோப்புக்கும் பிஸ்கெட்டுக்கும் மாநிலப் பங்கு மகாராஷ்டிர அரசுக்குத்தான் போகிறது, சென்னைக்கு அல்ல. அந்த வரியைக் கட்டும்போது கடைக்காரர் வசிப்பிடச் சான்று கேட்பதில்லை.

தாராவிச் சீரமைப்பில் இன்னொரு பிரச்சனையும் வந்துகொண்டிருக்கிறது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவியிலேயே வீடு. பிந்தியவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் வேறு இடம் என்பது ஏற்பாடு. தேதியை வைத்துக் குடும்பங்களைப் பிரிப்பவர்கள், அந்தக் குடும்பத்தில் வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்கோ பயிற்சிக்கோ சயானுக்குப் போகிறவர் இருக்கிறாரா என்பதையும் ஒரு வரியில் எழுதிக்கொள்ளலாம். புதிய கட்டடங்களில் லிப்ட் நின்றுபோனால் எட்டாவது மாடியில் இருக்கும் சக்கர நாற்காலிக்காரர் என்ன செய்வார் என்பதையும் யோசிக்கலாம்.

2011 கணக்கெடுப்பில் நாட்டில் ஊனமுற்றோர் 2 கோடியே 68 லட்சம் பேர், மக்கள்தொகையில் 2.21 சதவீதம். அப்போது கேட்டது 8 வகைகளைப் பற்றித்தான். 2027-ல் எடுக்கப்படும் என்று அறிவித்திருக்கும் கணக்கெடுப்பில் ஆள் வீட்டுக்கு வரும்போது, உள்ளே படுத்திருக்கும் பெண்ணைச் சொல்லாமல் மறைக்கிற வழக்கத்தைத் தமிழ்க் குடும்பங்கள் விட வேண்டும். அக்காளுக்கு ஊனம் என்று தெரிந்தால் தங்கைக்கு வரன் அமையாது என்ற பயம் சின்னப் பயமல்ல. ஆனால் எண்ணிக்கையில் வராதவர்களுக்கு எந்த அரசும் ஒதுக்கீடு செய்ததில்லை.

மும்பையிலும் சுற்றிலும் தமிழ்ச் சங்கங்களும் ஊர்ப் பெயரில் நடக்கும் நலச் சங்கங்களும் ஏராளம். பொங்கல் விழாவுக்கு எடுக்கும் மண்டபத்தை இன்னொரு ஞாயிற்றுக்கிழமை எடுத்து, ஊன அட்டைக்கு ஆன்லைனில் மனுப் போட்டுக் கொடுக்கலாம். ஆதார், புகைப்படம், சிகிச்சைக் காகிதங்கள் இருந்தால் போதும். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு நாளில் பல குடும்பங்களுக்கு முடித்துவிடலாம். அரசுகள் செய்ய வேண்டியது வேறு. தமிழ்நாட்டுக் காப்பீட்டு அட்டையை மும்பையில் உள்ள ஆஸ்பத்திரிகளில் ஏற்றுக்கொள்ளவும், மகாராஷ்டிர அட்டை வைத்திருப்பவர் வேலூரிலோ மதுரையிலோ சிகிச்சை பெறவும், பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும் படுக்கையில் சேராமலே அந்த அட்டையில் கிடைக்கவும் இரண்டு சுகாதார இலாகாக்களும் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. இரண்டு செயலாளர்கள் உட்கார்ந்து பேச ஒரு தேதியைத்தான் முதலில் குறிக்க வேண்டும்.